அக்கரையில் கிடைத்த சொல்

வானொலிக் கிளப்பில் அவருக்கு ஆமை என்று பேர். மற்ற உறுப்பினர்கள் மைக்கைப் பிடித்தால் உலகத்தின் மறுகோடியில் இருப்பவனோடு மழை பெய்கிறதா, வெயில் அடிக்கிறதா என்று அரட்டை அடிப்பார்கள். இவர் ஒரே ஒரு சொல்லை அனுப்பப் பகல் முழுவதையும் எடுத்துக்கொள்வார். குரல் கிடையாது, பாட்டு கிடையாது, ஆங்கில எழுத்தில் ஐந்தே எழுத்து. "அதுக்கு ஒரு தபால் கார்டு போட்டா முன்னாடியே போயிடுமேப்பா" என்று கிளப் தலைவர் சொல்லாத கூட்டமே இல்லை. ஆமையும் சளைக்காமல் சிரித்துவைப்பார்.

பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக், பித்துக்கு இது. வானொலி அலைவரிசைகளின் அடிமட்டத்தில், யாரும் சீந்தாத இடத்தில்தான் அவருக்குக் குடித்தனம். அங்கே ஒரே ஓர் அலையின் நீளம் ஊர் விட்டு ஊர் போகும். அதற்கேற்ற ஆன்டெனா கட்ட எந்த மகராசனிடமும் இடம் கிடையாது. இவரிடம் இருந்தது ஐந்தாவது மாடியில் ஒரு வீடு, மொட்டை மாடியின் குறுக்கே தண்ணீர்த் தொட்டி வரை இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, பிளாஸ்டிக் டிரம்மில் சுற்றிய செம்புச் சுருள். எவ்வளவு மின்சாரத்தைக் கொட்டினாலும் அந்தக் கம்பியிலிருந்து காற்றில் ஏறுவது எள்ளளவு. கடல் தாண்டி அக்கரைக்குப் போய்ச் சேரும்போது அதுவும் இரைச்சலுக்கடியில் புதைந்து கிடக்கும். காதால் கேட்பதென்ற பேச்சே இல்லை.

அக்கரையில் இருந்தது மனைவியின் தம்பி. பல்கலைக்கழகத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். அத்தானுக்காக உட்கார்ந்து அவன் எழுதியதுதான் அந்தப் பிழைதிருத்தும் குறியீடு. ஐந்து எழுத்தை வாங்கி நூற்றுக்கணக்கான துணுக்குகளாக்கி அனுப்பும். எந்தத் துணுக்கை எடுத்தாலும் மொத்தச் சொல்லின் சாயலும் கொஞ்சம் அதில் ஒட்டியிருக்கும். சத்தமான பட்டறையில் ஒரே விஷயத்தைப் பல விதமாகத் திருப்பித் திருப்பிக் கத்துவது மாதிரி. பாதி விழாமல் போனாலும், விழுந்ததை வைத்து மீதியைத் தேற்றிவிடலாம்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அந்தப் புரோகிராமுக்குக் கையை விரிக்கத் தெரியாது. வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும் ஏதோ ஐந்து எழுத்தைக் கொண்டுவந்து நீட்டும். இன்ன சொல்தான் வரப்போகிறது என்று அதன் காதில் ஓதிவிட்டாலோ, எங்கேயாவது தோண்டி அதையே எடுத்துக் கொடுத்து நல்ல பிள்ளையாக நிற்கும். ஆகவே இந்த ஆட்டத்துக்கு ஒரே சட்டம்: வாங்குகிறவனுக்குச் சொல் முன்கூட்டியே தெரியக் கூடாது. மைத்துனன் தன் மனசைப் படித்தவன் என்பதால் ஆமை சொல்லைத் தானே தேர்ந்தெடுப்பதுகூடக் கிடையாது. மனைவி வாய்க்கு வந்ததைச் சொல்வாள், அதுதான் போகும்.

இத்தனை வருஷத்தில் இரண்டு தடவை சொல் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்றாவதும் சேர்ந்தால் கிளப்பின் சாதனைப் பதிவில் ஏறும், ஏதோ குருட்டாம்போக்கில் அமைந்தது என்று எவனும் வாயைத் திறக்க முடியாது. ஆனால் அதற்கு மிஞ்சியிருந்தது ஒரே ஞாயிற்றுக்கிழமை. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்குத் தலைவலி. டாக்டர்கள் கைவிட்ட அந்தத் தலைவலிக்கு மொட்டை மாடிக் கம்பிதான் காரணம் என்று அவராகவே கண்டுபிடித்து, கூட்டம் போட்டு, கை தூக்கவைத்து, திங்கட்கிழமைக்குள் கம்பியை இறக்கியாக வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். கை தூக்கியவர்களில் ஒருவருக்குக்கூட லிஃப்ட் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்ற நினைப்பு வரவில்லை.

ஞாயிறு காலை ஆமை டிரான்ஸ்மிட்டர் முன்னால் உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ஒரு சொல்லு சொல்லு."

"நண்டு," என்றாள் துணி மடித்துக்கொண்டே.

"ஏன், நண்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஆமை தனியா கடலைத் தாண்டுமா? ஒரு துணை வேண்டாமா?"

சிரித்தபடியே தட்டினார். மீட்டரில் முள் எழும்பி நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது போன் வந்தது. ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறார்கள். போகாமல் இருக்க முடியுமா? மனைவிக்கும் மருந்துக் கடையில் அன்றைக்கு வேலை. சொல் தன்பாட்டுக்குப் போகட்டும் என்று இரண்டு பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிட்டு, தேய்ந்த பிரேக்கை மாற்றிவிட்டு அவர் திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள் நுழையாமல் நேராக மொட்டை மாடிக்கு ஏறினார். கம்பி இல்லை. இருந்தது, ஆனால் தரையில். நாலைந்து துண்டாக நறுக்கி, சுருட்டி, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். துணி எடுக்க வந்த காவலாளி தலையைச் சொறிந்தான்.

"நாளைக்கு ஆள் கிடைக்காதுன்னு செயலாளர் இன்னிக்கே வெட்டச் சொல்லிட்டார் சார்."

"எப்ப வெட்டினாங்க?"

"காலைலயே சார். நீங்க வண்டிய எடுத்துட்டுப் போன கையோட."

ஆமை ஒரு துண்டைக் கையில் எடுத்தார். செயலாளர் வீட்டுக் கதவை உடைக்கலாமா என்றுகூட நினைத்தார். கம்பி அறுந்தால் டிரான்ஸ்மிட்டர் தானாக நின்றுவிடும், அப்படித்தான் அமைத்திருந்தார். ஆக, நண்டின் ஒரு காலைக்கூட அனுப்பி முடிக்கவில்லை. எல்லாம் போயிற்று என்று மைத்துனனிடம் சொல்ல வேண்டும், அவனாவது தன்னோடு சேர்ந்து நாலு வார்த்தை திட்டுவான். அந்த நினைப்பில்தான் படி இறங்கினார்.

கதவைத் திறந்தாள் மனைவி. முகமெல்லாம் பல். கையில் இருந்த போனின் திரையில் அவள் தம்பி குதித்துக்கொண்டிருந்தான்.

"அத்தான்! வந்துடுச்சு அத்தான்! நண்டு!"

ஆமை வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவருக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது.

"எப்படி இருந்துச்சு மாப்ள?" என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"முதல்ல சுமார்தான் அத்தான். பின்பாதி சும்மா அள்ளிடுச்சு! அதுலதான் சொல்லே தேறுச்சு. படம் போட்டு அனுப்பறேன் பாருங்க. கிளப்புக்கும் சொல்லிட்டேன்."

பின்பாதியில் கம்பி குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. பையன் முகத்தை உற்றுப் பார்த்தார். கள்ளம் எதுவும் இல்லை. கண்டதைத்தான் சொல்கிறான், காணாததைக் கண்டிருக்கிறான். பொய் சொல்லியிருந்தால்கூட நாலு கேள்வி கேட்டு மடக்கியிருக்கலாம். இந்தச் சந்தோஷத்தை எங்கே பிடித்து மடக்குவது?

"சரி மாப்ள, அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார்.

மனைவி சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துவைத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கம்பிய காலைலயே வெட்டிட்டாங்க."

"எந்தக் கம்பிய?"

அவர் மேலே கையைக் காட்டினார். தட்டை மேஜையில் வைத்த அவள் கை அங்கேயே நின்றது.

"அவன்கிட்ட நண்டுன்னு நீ சொன்னியா?"

"சாயங்காலம் கூப்பிட்டான். ஏதேதோ எழுத்துதான் வருது, எதுவும் தேறலக்கா, அத்தான்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு அழாத குறை. நான்தான் நண்டுன்னேன். அதையே தேடிப் பாருடான்னேன். தொலஞ்சது என்னன்னு சொன்னாத்தானே தேட முடியும்? கிடைச்சிடுச்சுன்னு அவனே கத்தினான். இருந்ததத்தான் எடுத்தான்னு நினைச்சேன்."

"சட்டம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." அவள் குரல் உயர்ந்தது. "எத்தன வருஷமா தெரியும். நாளைக்குக் கம்பிய இறக்கிட்டு வெறுங்கையோட உக்காந்திருப்பீங்களே, அதப் பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு எனக்குச் சட்டம் தெரியல."

அவருக்குக் கோபம் வரவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்று வந்தது. கேட்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"இதுக்கு முன்னாடி வந்தது?"

அவள் தண்ணீர் ஊற்றினாள். டம்ளர் நிறைந்து வழிந்தது.

"போன தடவை, பாதி சொல்லு அவனுக்கே வந்துடுச்சு. மீதிய மட்டும்தான்..."

"முதல் தடவை?"

"அது தானா வந்ததுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பாதி அழிந்ததை மீதியை வைத்துத் தேற்றிவிடலாம், மீதி சரியாக இருந்தால். இங்கே எதை வைத்துத் தேற்றுவது? இன்னொரு முறை அனுப்பிப் பார்க்கலாமென்றால் கம்பியும் இல்லை, கட்ட இடமும் இல்லை. போன் அடித்தது. கிளப் தலைவர். அடித்து அடித்து ஓய்ந்தது, யாரும் எடுக்கவில்லை.

"உண்மையச் சொல்லு. முதல் தடவை அதுவா வந்ததா, நீ சொல்லி வந்ததா?"

அவள் மேஜையில் வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"எதச் சொன்னா எழுந்து சாப்பிட வருவீங்க?" என்றாள். "அதச் சொல்றேன்."