தலைப்பில் இருந்த மாதா

ஸ்டெபிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஜூலை பிறந்ததிலிருந்து அவர்கள் கம்பெனி வெப்சைட்டுக்கு ஆட்கள் கும்பல் கும்பலாக வருகிறார்கள். ஒருத்தராவது போன் பண்ண வேண்டுமே, மூச்! கப்பலுக்கு அடியில் முங்கி, ஒட்டிக்கிடக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுவது அவள் புருஷன் கிளைட்டனின் தொழில். நாலு மாதமாக ஒரு கப்பலும் கூப்பிடவில்லை. மஸ்கட்டில் ஒரு டைவிங் கம்பெனி வேலை தருகிறேன் என்கிறது. வெள்ளிக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். போனால் இரண்டு வருஷம். கல்யாணமாகி ஏழு மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

"நெசமாச் சொல்லுதேன், நீங்க போறது எனக்குப் பிடிக்கல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

"எனக்கு மட்டும் ஆசையாளா? இங்கன வேலை எங்க கெடக்கு?" என்றான் கிளைட்டன்.

திங்கட்கிழமை அவள் பொறுமை இழந்து, வந்தவர்கள் கூகுளில் எதைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள். 'மாதா கோவில் திருப்பலி நேரம்'. 'கொடியேற்றம் எத்தனை மணிக்கு'. 'தங்கத்தேர் இந்த வருஷம் உண்டா'. அட மாதாவே! நானூற்றுப் பன்னிரண்டு பேரும் திருவிழாவைத் தேடி வந்தவர்கள். கப்பலைத் தேடி ஈ காக்கை வரவில்லை.

அது ஏன் என்று தங்கள் கம்பெனியையே கூகுளில் தேடிப் பார்த்தாள். நீல எழுத்தில் தலைப்பு வந்தது: 'தூத்துக்குடி பனிமய மாதா துணை, திவ்விய...' அதோடு மூன்று புள்ளி. கீழே விளக்கம்: 'மாதாவின் அருளாலும் பரிந்துரையாலும் 1998 முதல்...' மறுபடியும் மூன்று புள்ளி. தொழில் என்ன என்பதற்கு இடமே இல்லை. பக்கத்துக்குள் மறைவாகக் கப்பல், டைவிங் என்று நாற்பது வார்த்தை திணித்து வைத்த கீவேர்ட்ஸ் டேகைக் கூகுள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லையாம். அத்தனை பாடும் வீண்.

கூகுளுக்கென்று வைக்கும் இந்தத் தலைப்பு, விளக்கம், மெட்டா டேக் எல்லாம் எழுதியது அவள்தான். எழுதச் சொன்னது மாமனார் இஞ்ஞாசி. கல்யாணப் பத்திரிகையோ கொட்டேஷனோ, உச்சியில் மாதா பெயர் இல்லாமல் அந்த வீட்டுத் தாள் எதுவும் வாசல் தாண்டியதில்லை. வெப்சைட் மட்டும் தாண்டிவிடுமா? பதினொரு பக்கத்துக்கும் அதே தலைப்பு.

"மாமா, தலைப்ப மாத்தணும். மாதா பேர எடுத்துட்டு, என்ன தொழில், எந்த ஊருன்னு போடணும்."

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? மாதாவ எடுத்துட்டு என்னளா யாவாரம்?" இஞ்ஞாசிக்கு மூக்குக்கு மேல் கோபம்.

ஸ்டெபியும் லேசில் விடுகிறவள் அல்ல. கூகுளில் வந்ததைத் திறந்து போனை அவர் கையில் கொடுத்தாள். "நீங்க ஒரு கப்பல் கேப்டன்னு வச்சுக்கிடுங்க. இதப் பாத்தா நம்மளக் கூப்பிடுவீயளா?"

அவர் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். "கோவில் நோட்டீஸ் மாதிரில்லா இருக்கு" என்றார். "அதுக்காக மாதாவ எறக்க முடியுமா?"

"எறக்கல மாமா. பக்கத்தத் தொறந்ததும் உச்சியில படத்தோட இருப்பாவ. இது வெளிய தேடுதவனுக்குத் தெரியுத வரி மட்டுந்தான்."

"செரி, செய்யி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். மனசே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அன்றே உட்கார்ந்து பக்கத்துக்கு ஒரு தலைப்பாக ஆங்கிலத்தில் எழுதினாள். கப்பல் அடி சுரண்டுதல் ஒன்று, ப்ரொப்பல்லரில் சுற்றிய வலை, கயிறு எடுத்தல் ஒன்று. விளக்கத்தில் முதல் நாலு வார்த்தைக்குள்ளேயே தொழிலும் ஊரும். மறுபடி வந்து பார்க்கச் சொல்லிக் கூகுளுக்கு விண்ணப்பமும் போட்டாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் பழைய தலைப்பே நின்றது. அவள் மணிக்கொரு தரம் தேடிப் பார்த்தாள். வியாழன் மத்தியானம் மாறியிருந்தது. சாயங்காலம் சென்னையிலிருந்து ஒரு கப்பல் ஏஜெண்டின் போன்: தூத்துக்குடி வெளிக்கடலில் நிற்கும் கப்பலின் ப்ரொப்பல்லரில் வலை சுற்றியிருக்கிறது, காலையில் இறங்க முடியுமா?

"எங்கள எப்படிக் கண்டுபிடிச்சீய?" அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கூகுள்லதாம்மா. வலை எடுக்கிற வேலைன்னு மொத வரியிலயே இருந்துச்சு."

வெள்ளிக்கிழமை காலை படகேறும் முன் கிளைட்டன் தன் போனை அவளிடம் கொடுத்தான். "அங்கன சிக்னல் இருக்காது. மஸ்கட்காரன் கூப்பிடுவான்."

"என்ன சொல்லட்டும்?"

"ஒரு வேலைய நம்பி எப்படிளா முடிவெடுக்க? நீ என்ன நெனைக்கியோ, அதையே சொல்லு."

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. ஸ்டெபிக்குப் பயமாக இருந்தது. அடுத்த வேலை வராவிட்டால் இந்தப் பழி அவள் தலையில்தான் விழும்.

"கிளைட்டன் இருக்காரா?"

"கப்பலுக்கு அடியில வேலையா இருக்காவ சார்."

"எப்ப வருவார்?"

"வேலை முடிஞ்சா வீட்டுக்கு வருவாவ" என்றாள் ஸ்டெபி. "மஸ்கட்டுக்கு வரமாட்டாவ."