கொடி இறங்குவதற்குள் ஒரு விளக்கு

அன்று லெம்வி என்ற கடலோர ஊரில், ராவ்ன்கில்டே வீட்டில் இருந்தவர்கள் ஐந்தே பேர். அன்றோடு எழுபது வயது நிறைந்த யால்மார், அவர் மனைவி கெர்டா, இப்போது தொழிலை நடத்தும் மகள் சிஸ்ஸெல், கெர்டாவின் அண்ணன் ப்ரேபென், ப்ரேபெனின் மனைவி உல்லா. தாங்களும் அந்த மேஜையில் உட்கார்ந்து காப்பி குடித்ததாகப் பின்னால் ஊரில் பாதிப் பேர் சொல்லித் திரிந்தார்கள். அந்த மேஜைக்கு நாற்காலிகளே ஆறுதான். ஆறாவதில் கோட்டுகள் கிடந்தன.

லெம்வியில் ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது என்றால், அதன் சுவருக்குள் ராவ்ன்கில்டே குடும்பத்தார் இழுத்த கம்பி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். துறைமுகத்துக்கு விளக்குப் போட்டவர் யால்மாரின் தாத்தா. தேவாலயத்தின் எண்ணெய் விளக்குகளை இறக்கிவிட்டு மின்விளக்கு ஏற்றியவர் அப்பா. அவர்களுடைய வேன்களில் குடும்பப் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கும். வேறு விளக்கம் எதுவும் தேவைப்பட்டதில்லை.

ப்ரேபென் குழாய் வேலைக்காரர். ஒரே வீட்டின் ஒரே சுவரை யார் முதலில் உடைப்பது என்று அவரும் யால்மாரும் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவர்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஊரில் எந்த விருந்து என்றாலும் பாட்டு எழுதுபவர் ப்ரேபென் என்பதுதான் ஆபத்து. அவர் எழுதிய வரி ஒருவர்மேல் ஒட்டிக்கொண்டால் சோப்புப் போட்டாலும் போகாது. பழைய பாதிரியார் எப்போதோ ஒரு நாள் படகைக் கட்ட மறந்தார். படகு மறுநாளே கரை சேர்ந்துவிட்டது. பாட்டு மட்டும் இன்னும் கரை சேரவில்லை.

கேக்கை வெட்டி முடித்ததும் பரிசுகள் வந்தன. கெர்டா கொடுத்த ஸ்வெட்டரிலும் சிஸ்ஸெல் கொடுத்த காலணியிலும், பிடிக்காவிட்டால் கடையில் மாற்றிக்கொள்ளும் சீட்டு முறைப்படி ஒட்டப்பட்டிருந்தது. ப்ரேபென் நீட்டிய பெட்டியில் சீட்டைக் காணோம்.

"மாத்தவே முடியாது மாப்ள," என்றார் ப்ரேபென். "உனக்குன்னே தேடிப் பிடிச்சது."

பெட்டியின் மேல் பல் விழுந்த ஒரு சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள். ஈயம் வைக்க வேண்டாம், சூடு வேண்டாம், கம்பியைத் துளையில் செருகினால் போதும், கணினியில் நாலு வரி எழுதினால் விளக்கு கண் சிமிட்டும் என்று எழுதியிருந்தது. மூலையில், எட்டு வயது முதல் என்றிருந்தது.

"வயசு சரியா இருக்கான்னு கடைக்காரம்மாகிட்ட ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான் வாங்கினேன்," என்றார் ப்ரேபென்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். சனிக்கிழமை பாய்மரச் சங்கத்தில் யால்மாருக்கு ஊர் சேர்ந்து விருந்து வைக்கிறது. பாட்டு தயார். கடைசிச் சரணம் மட்டும் பாக்கி. தோட்டத்துக் கம்பத்தில் பிறந்தநாளுக்காக ஏற்றியிருக்கும் கொடி இறங்குவதற்குள் இந்த விளக்கு எரிந்தால், அந்தச் சரணத்தில் தாத்தாவின் துறைமுக விளக்கு வரும். எரியாவிட்டால், எரியாத விளக்கு வரும்.

யால்மார் சன்னல் வழியே பார்த்தார். நவம்பர் மாதம். சூரியன் இப்போதே கடலுக்கு மேல் சோம்பலாகச் சாய்ந்திருந்தது. அந்நாட்டு வழக்கப்படி அது மறைவதற்குள் கொடியை இறக்கியாக வேண்டும். அந்த வீட்டில் அதில் ஒரு நாளும் தவறியதில்லை.

"எழுதறதுக்குப் பேனாவை எடுத்து வை," என்று சொல்லிவிட்டு எழுந்தார். நேராக நடைக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

வீடு இருண்டது. காப்பி இயந்திரம் பாதி இருமலில் நின்றது. அடுப்பில் இரவு விருந்துக்கான பன்றி இறைச்சி வெந்துகொண்டிருந்தது. அந்த அடுப்பின் விசிறியும் ஓய்ந்தது.

இந்தப் பெட்டிக்கு வேண்டிய மின்சாரம் மடிக்கணினியிலிருந்து ஒரு சின்ன வயரில்தான் வருகிறது, அது எறும்பைக்கூடக் கிச்சுக்கிச்சு மூட்டாது என்று சிஸ்ஸெல் பொறுமையாக விளக்கினாள். மெயினை இறக்காமல் எந்த ராவ்ன்கில்டேயும் கம்பியைத் தொடமாட்டான் என்றார் யால்மார். அதோடு டெஸ்டரை எடுத்து, பெட்டியிலிருந்த வெள்ளைத் துளைப்பலகையின் நாலு மூலையிலும் குத்திப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

"அக்செல் மாமா செத்தன்னிக்குத் திரையெல்லாம் இழுத்து மூடினதுக்கப்புறம் இந்த வீட்ல இவ்வளவு இருட்டா இருந்ததில்லை," என்றாள் கெர்டா. "இறைச்சித் தோல் மொறுமொறுன்னு வரலேன்னா, அந்தப் பாட்டுக்கு நானே ரெண்டு வரி எழுதிக் குடுப்பேன்."

பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. முதல் பக்கத்தில் ஒரு பேட்டரி கைகால் முளைத்துச் சிரித்தது. யால்மார் அதைக் காப்பிக் கூஜாவுக்கு அடியில் வைத்தார்.

கம்பிகளில் அடுத்த தகராறு. எந்த நிறத்தையும் எங்கேயும் செருகலாம் என்றாள் சிஸ்ஸெல். யால்மாருக்கு அது காதில் விழவே இல்லை. நீலம், பழுப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. மஞ்சளும் பச்சையும் நிலத்துக்குப் போகிறவை, உயிரோடு இருக்கும்வரை அவற்றை வேறு எதற்கும் தொடமாட்டார். கடைசியில் அவர் செருகிய கம்பிகள் ராணுவ அணிவகுப்புபோல நேர்கோட்டில், மூலைக்கு மூலை சதுரமாக வளைந்து நின்றன. உல்லா குனிந்து பார்த்துவிட்டு, சட்டம் போட்டு மாட்டலாம் என்றாள். கிண்டல் இல்லை, மெய்யாகவே சொன்னாள்.

விளக்கு ஒரு கடுகு அளவு. இரண்டு கால்கள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. இந்தக் காலத்துத் தொழிற்சாலைகளின் லட்சணம் இதுதான் என்று யால்மார் தலையசைத்தார். வெட்டுக் குறடை எடுத்து, நெட்டைக் காலைக் குட்டைக்குச் சமமாகக் கத்தரித்துச் செருகினார்.

சிஸ்ஸெல் கணினியில் எழுதியதை வாசித்துக் காட்டினாள். ஏற்று, காத்திரு, அணை, காத்திரு, மறுபடி முதலிலிருந்து. வேலைக்காரனுக்குச் சொல்வதுபோல் தெளிவாக இருக்கிறது என்று யால்மார் ஒப்புக்கொண்டார். முடிவே இல்லாததுதான் பிடிக்கவில்லை. முடியாத வேலைக்கு யார் பில் எழுதுவது என்று கேட்டார்.

அவள் பொத்தானைத் தட்டினாள். ஒன்றும் எரியவில்லை.

யால்மார் ஒவ்வொரு கம்பியாக எடுத்து மறுபடி செருகினார். எரியவில்லை. ரெசிஸ்டரை மாற்றினார். எரியவில்லை. விளக்கைப் பற்றி மட்டும் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அவர் வாழ்நாள் முழுக்க இழுத்த மின்சாரத்தில் விளக்குக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. எப்படி மாட்டினாலும் எரியும். மேஜையில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ப்ரேபென் சன்னலோரம் நின்று ஒரு மெட்டை முணுமுணுத்தார். அது பாதிரியாரின் படகுப் பாட்டு மெட்டு என்று யால்மாருக்குத் தெரியும்.

"அப்பா," என்றாள் சிஸ்ஸெல். "சூரியன் தண்ணியைத் தொடப்போகுது."

இன்னும் ஒரே ஒரு கம்பி சோதிக்கப் பாக்கி இருந்தது. யால்மாரின் கை அதன்மேல் இருந்தது. அவர் கையை எடுத்தார், கோட்டை மாட்டினார், தோட்டத்துக்கு நடந்தார்.

கொடி தரையில் படக்கூடாது. மடிக்க இரண்டு பேர் வேண்டும். ப்ரேபென் கேட்காமலே வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். காற்று இருவரையும் இழுத்தது. ப்ரேபெனின் வாய் சும்மா இருக்குமா?

"எங்க தொழில்ல இதெல்லாம் சுலபம் மாப்ள. குழாய் சரி, இணைப்பு சரி, ஆனா தண்ணி மட்டும் வரலே. அப்படின்னா எவனோ ஒருவழி வால்வைத் திருப்பிப் போட்டிருக்கான்னு அர்த்தம்."

யால்மார் நின்றார்.

"ஒருவழியா?"

"ஒருவழி. இந்தப் பக்கம் போனா விடும். அந்தப் பக்கம் போனா விடாது."

யால்மாரின் கண் வீட்டுச் சன்னலுக்குப் போனது. கால் போகவில்லை. கொடியின் விளிம்போடு விளிம்பு சேர்த்து, சுருக்கம் நீவி, மூன்று தடவை மடித்து முடித்த பிறகுதான் திரும்பினார். கொடியை அதற்கான பெட்டியில் வைத்து மூடினார். பிறகு மேஜைக்கு வந்து, கடுகு விளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினார்.

சிவப்பாகக் கண் சிமிட்டியது. இருட்டு அறையில் ஐந்து முகங்களும் வந்து வந்து போயின.

உல்லா கைதட்டினாள். ப்ரேபென் மட்டும் மச்சினனையே பார்த்தார்.

"கொடிக்கு முன்னாடியா, பின்னாடியா? நீயே சொல்லு. நீ சொல்றதை எழுதிக்கறேன்."

முன்னாடி என்று சொல்லியிருந்தால் மறுத்துப் பேச அங்கே யாருக்கும் மனம் வந்திருக்காது. யால்மார் முதுகை நிமிர்த்தினார்.

"பின்னாடி. எழுதிக்க."

"மெயினைப் போடு," என்றாள் கெர்டா.

கூஜாவை அவள் எடுத்தபோது, காப்பிக் கறை வட்டத்துக்குள் அந்தப் பேட்டரி, மின்சாரம் நுழையும் பக்கம் இதுதான் என்று விளக்கின் நெட்டைக் காலைத் தன் விரலால் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. கெர்டா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். இறைச்சித் தோலைப் பற்றி இங்கே சொல்வதற்கில்லை.

சனிக்கிழமை பாய்மரச் சங்கத்தில் எல்லாரும் தாளைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள்:

ஊருக்கெல்லாம் ஒளி கொடுத்தார்,
ஒற்றை விளக்கிடம் தோற்றுவிட்டார்;
கொடியை மடித்து வைத்த பின்னே
குழாய்க்காரன் சொல்லால் ஏற்றிவைத்தார்.

யால்மாரும் பாடினார், மற்றவர்களைவிட உரக்க. சொன்னதில் பொய் இல்லை. உண்மையான வரியை ராவ்ன்கில்டே குடும்பம் தாங்கிக்கொள்ளும்.

ஆனால் கடையில் வரிசையில் நிற்பவர்கள் இப்போது வேறொன்று பேசுகிறார்கள். யால்மார் பொம்மைப் பெட்டியில் மூழ்கிக் கிடந்தார், இருட்டிய பிறகும் கொடி கம்பத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது என்று. அது தவறு. விளக்குதான் தாமதம். கொடி சூரியன் மறையும் முன்பே இறங்கிவிட்டது.