தண்டுவடம்

கெட்டிலின் பிடியை ஒரு பக்கம் ஜென்னெக்கே பிடித்திருந்தாள், மறுபக்கம் டீனி. இரண்டு பேருமே விடுவதாக இல்லை.

"கையை எடு, புள்ள. கொதிக்கிற தண்ணி."

"காபி போடக்கூட எனக்கு உரிமை இல்லையா, டீனி அத்தை? இது என் வீடு."

"இன்னிக்கு உன் வீடு இல்ல, எங்க வீடு. உன் கையில கெட்டிலைப் பாத்தா நாளைக்கு ஊரே என் மூஞ்சில காறித் துப்பும். போய் உட்காரு."

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிரவில்லை. ஜென்னெக்கே கையை எடுத்தாள். அப்பா இறந்து ஐந்து நாளாகிறது. அன்றிலிருந்து அவள் உட்கார்ந்துகொண்டேதான் இருக்கிறாள். சாவு விழுந்த வீட்டில் வீட்டார் ஒரு துரும்பையும் எடுத்துப் போடக் கூடாது, அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள். நெதர்லாந்தின் கிழக்கே, ட்வென்டேயின் இந்தப் பண்ணை வீடுகளில் அதுதான் வழக்கம். அதில் முதல் பொறுப்பு மிக அருகில் இருக்கும் வீட்டுக்காரருக்கு, அதாவது டீனியின் கணவர் வோல்ட்டருக்கு. அப்பா ஹார்மனின் கண்களை மூடியவர் அவர்தான். உடலைக் கழுவிச் சட்டை மாட்டிவிட்டார், வீடு வீடாகப் போய்ச் செய்தி சொன்னார், பெட்டி தூக்க ஆறு பேரைப் பேசி வைத்தார், காலையும் மாலையும் வந்து மாடு கறந்தார். எல்லாவற்றையும் சத்தமில்லாமல் செய்தார். கோபத்தில் இருக்கிறவளுக்குக் கைவேலை வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

வோல்ட்டர் மேசையின் ஓரத்தில் கறுப்புக் கோட்டுடன் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோட்டு உங்க கல்யாணத்துக்குத் தச்சதா, வோல்ட்டர்?" என்றாள் வெண்ணெய் தடவிய ஒருத்தி. "பொத்தான் ஒரு ஊர்ல இருக்கு, ஓட்டை ஒரு ஊர்ல இருக்கு."

"மூச்சு விடாம இருந்தா மாட்டிடலாம்" என்றார் அவர். "பெட்டி தூக்குறப்ப எப்படியும் விட மாட்டேன்."

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. அதை எடுக்க மட்டும் யாரும் ஜென்னெக்கேயைத் தடுக்கவில்லை.

"நான் ஈஃப்கே பேசுறேங்க. பல்கலைக்கழக விலங்கு ஆஸ்பத்திரியிலருந்து. உங்க அப்பாவோட அடக்கத்துக்கு வரலாம்னு கிளம்பிட்டிருக்கேன். அதுக்கு முன்னால..." குரல் இளையது, தயங்கியது. "இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வோடன் இப்ப உங்க பொறுப்புல இருக்கான். அவனுக்கு ரொம்ப முடியாமப் போச்சுன்னா, வேற யாரையும் கூப்பிடாதீங்க. முதல்ல எங்களைக் கூப்பிடுங்க. கடைசி ஊசி எங்ககிட்டதான்னு உங்க அப்பா ஒத்துக்கிட்டிருக்கார். தண்டுவடத்தை உடனே எடுத்தாதான்..."

"எங்க அப்பாவை இன்னும் மண்ணுல வைக்கல" என்றாள் ஜென்னெக்கே.

"தெரியும். மன்னிச்சிருங்க. நான்..."

"வியாழக்கிழமை தவறாம அந்த நாயைத் தூக்கிட்டு உங்ககிட்ட வந்தாரே, வயித்துல கட்டியோட வந்தாருன்னு தெரியுமா? ஸ்கேன் எடுக்கச் சொன்ன அன்னிக்கே நாய்க்கு ஊசி. ஸ்கேனைத் தள்ளிப் போட்டாரு. ரெண்டாவது தடவையும் தள்ளிப் போட்டாரு. ஊசியில இருந்தது மருந்துதானா?"

"பாதி நாய்களுக்கு மருந்து. பாதிக்கு உப்புத் தண்ணி. எந்த நாய்க்கு எதுன்னு ஆய்வு முடியுற வரைக்கும் எனக்கும் தெரியாதுங்க."

ஜென்னெக்கே தொலைபேசியை வைக்கவில்லை, அறைந்தாள். திரும்பியபோது சமையலறை முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னறையில் வோடன் எழ முயன்றான். பின்னங்கால் நகங்கள் ஓட்டுத் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"தண்ணி ஊசிக்காகச் செத்திருக்காரு!" என்று கத்தினாள். "அந்த நாயால செத்தாரு! யாராவது அதை இன்னிக்கே முடிச்சு விடுங்க. என் கண்ணுல அது படக் கூடாது."

டீனி கெட்டிலை அடுப்பில் வைத்தாள். வோல்ட்டர் கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்து, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

முன்னறையில் திரைகள் மூடியிருந்தன. பெட்டி திறந்திருந்தது. ஜென்னெக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவின் அருகே உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. அழுகை வருமோ என்று பார்த்தாள், கோபம்தான் வந்தது. அவருடைய முகத்தில் கூட ஒரு பிடிவாதம் இருந்தது, அல்லது அவளுக்கு அப்படித் தெரிந்தது.

அம்மாவுக்கு முதலில் இடது பாதம்தான் இழுபட்டது. பிறகு கைகள் போயின, பிறகு பேச்சு போயிற்று, கடைசியில் மூச்சு. அப்போது ஜென்னெக்கேக்குப் பத்தொன்பது வயது. அடுத்த வருடமே அவள் டெவென்டர் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். அப்பா ஓர் அல்சேஷன் குட்டியை வாங்கினார். அந்தக் குட்டி வளர்ந்து எட்டு வயதானபோது அதற்கும் பின்னங்கால் இழுபட ஆரம்பித்தது. முதல் முறை அந்த நகச் சத்தத்தைக் கேட்டபோது அவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து ரயில் ஏறிவிட்டாள். அதன் பிறகு வருவது குறைந்தது. ஏன் வரவில்லை என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. தொலைபேசியில் வோடனைப் பற்றித்தான் சொல்வார். இன்று நீரில் நடக்க வைத்தார்கள், இன்று முதுகில் ஊசி போட்டார்கள், இன்று வால் கொஞ்சம் அசைந்தது. தன் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டியும் தள்ளிப்போட்ட ஸ்கேனும் அவர் இறந்த பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தன.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். தன் குரல் தனக்கே எரிச்சலாக இருந்தது.

ஈஃப்கே வந்தபோது மதியமாகியிருந்தது. சிறிய கார், சேற்றில் நின்ற மெல்லிய கறுப்புச் செருப்பு, கையில் வெள்ளைப் பூக்கள். முப்பது வயதுகூட இருக்காது. ஜென்னெக்கே அவளை உள்ளே விடாமல் முற்றத்திலேயே மறித்தாள்.

"நாய்க்காகத்தானே வந்தீங்க."

"அடக்கத்துக்கு வந்தேங்க. எங்க வேலையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு அவரு. காத்திருக்கிற இடத்துல எல்லா நாய்க்காரங்களுக்கும் வீட்டுலருந்து ஆப்பிள் கொண்டு வருவார். புளிக்கிற ஆப்பிள். யாராலயும் தின்ன முடியாது, ஆனா வேண்டாம்னு யாரும் சொன்னதில்ல."

ஜென்னெக்கே சிரிக்கவில்லை.

"உங்ககிட்ட அவர் எதையும் சொல்லலையா?" என்றாள் ஈஃப்கே.

"எதை?"

"வோடனுக்கு வந்திருக்கிறதும் உங்க அம்மாவுக்கு வந்ததும்..." அவள் பூங்கொத்தைக் கை மாற்றிக்கொண்டாள். "நாய்கள்ல இதுக்குக் காரணமா இருக்கிற மரபணுதான், சில குடும்பங்கள்ல மனுஷங்களுக்கும் அந்த வியாதியைக் கொடுக்குது. உங்க அம்மாவுக்கு அதுதான்னு அவங்களோட டாக்டர் சொல்லியிருக்கார். அதனாலதான் இந்த ஆய்வுல சேரணும்னு அவரே எங்களைத் தேடி வந்தார்."

முற்றத்தில் யாரோ நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கால்கள் ஒன்றோடொன்று மோதின.

"நான் பரிசோதனை பண்ணிக்கல" என்றாள் ஜென்னெக்கே. எதற்காக இவளிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது இடது பாதத்தை முதலில் ஊன்றிப் பார்ப்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"தெரியும். அதையும் சொன்னார். பண்ணிக்கோன்னு உங்களை ஒருநாளும் வற்புறுத்தப் போறதில்லன்னார். ஆனா எங்ககிட்ட ஒவ்வொரு தடவையும் அதே கேள்விதான். 'அவ அம்மாவுக்கு நாப்பத்தாறுல வந்துச்சு. இவளுக்கு இப்ப முப்பத்தொண்ணு. பதினஞ்சு வருஷத்துல இந்த மருந்து மனுஷங்களுக்கு வந்துடுமா, டாக்டர்?' தெரியலைன்னு சொல்வேன். 'சரி, அடுத்த வியாழக்கிழமை வர்றேன்'னு போயிடுவார்."

ஜென்னெக்கேக்கு மறுபடியும் கோபம்தான் வந்தது. ஆனால் யார் மேல் என்று இப்போது தெரியவில்லை.

"நாய் செத்த பிறகு தண்டுவடத்தைப் பாத்தாத்தான் இந்த வியாதிதானான்னே உறுதியா சொல்ல முடியும்" என்றாள் ஈஃப்கே. "மருந்து உள்ள போய் ஏதாவது செஞ்சுதான்னும் அப்பதான் தெரியும். அது இல்லைன்னா அவர் வந்த அத்தனை வியாழனும்..." அவள் முடிக்கவில்லை.

"வாங்க" என்றாள் ஜென்னெக்கே. "அவனைப் பாருங்க. இன்னிக்கே கூட்டிட்டுப் போகணும்னாலும் போங்க."

பின்னறையில் வோடனின் பாய் சுருட்டிச் சுவரோரம் வைக்கப்பட்டிருந்தது. தரை கழுவியிருந்தது, இன்னும் ஈரமாக.

டீனி துடைப்பத்துடன் வாசலில் நின்றாள். "அதெல்லாம் முடிஞ்சுது, புள்ள. நீ மனசுல வச்சுக்காத."

"என்ன முடிஞ்சுது?"

"நீதானே சொன்ன. நம்ம டாக்டரு லீவுல போயிருக்காரு, அவருக்குப் பதிலா வந்த பையன் வந்து ஊசி போட்டான். அமைதியா போச்சு. வோல்ட்டர்தான் தலையை மடியில வச்சிருந்தாரு."

ஜென்னெக்கே பழத்தோட்டத்துக்கு ஓடினாள். வேலியோரம் புது மண் மேடாக இருந்தது. வோல்ட்டர் மண்வெட்டியின் பின்புறத்தால் அதைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றி, மடித்து, கிளையில் மாட்டியிருந்தார்.

"என்ன பண்ணிட்டீங்க!"

அவர் நிமிர்ந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்து முதல் முறையாகக் குழம்பினார். "நீ கேட்டதைத்தான், புள்ள."

"கோபத்துல சொன்னேன்! கோபத்துல ஆயிரம் சொல்லுவாங்க! ஒரு வார்த்தை என்கிட்ட திரும்பக் கேக்கக் கூடாதா?"

"சாவு வீட்டுக்காரங்க கிட்ட ஏன்னு கேக்குறதில்ல" என்றார் வோல்ட்டர். "கேட்டா அவங்க ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். உங்க அம்மா போனப்பவும் கேக்கல. 'அவளோட நாற்காலியை எரிச்சிரு'ன்னு ஹார்மன் சொன்னான். நான் எரிச்சேன்."

அவரைத் திட்டுவதற்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. இந்த மனிதர் திருடவில்லை, ஏமாற்றவில்லை. அவள் வாயிலிருந்து வந்ததை எடுத்துக்கொண்டு போய் ஒழுங்காகச் செய்து முடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

"எப்ப ஊசி போட்டாங்க?" ஈஃப்கே மூச்சிரைக்கப் பின்னால் வந்து நின்றாள்.

"மாதாகோயில் மணி பதினொண்ணு அடிச்சுது" என்றார் வோல்ட்டர்.

"மண்ணு குளிரா இருக்கு. அது நல்லது. இப்பவே எடுத்தா, நான் உடனே கிளம்பினா, இன்னும் முடியும்." அவள் ஜென்னெக்கேயைப் பார்த்தாள். "ஆனா உங்க வீட்டுல இன்னிக்கு..."

ஜென்னெக்கே மண்வெட்டியைப் பறித்துக்கொண்டாள்.

"குடு, புள்ள" என்றார் வோல்ட்டர். "நீ செய்யக் கூடாது. நான் மூடினதை நானே தோண்டுறேன்."

"தொடாதீங்க."

அவள் தோண்டினாள். கறுப்பு உடையோடு, அம்மாவின் வெள்ளிச் சங்கிலி கழுத்தில் முன்னும் பின்னும் அடிக்க. அப்பாவைத் திட்டிக்கொண்டே தோண்டினாள், வாய்விட்டு. பொய்யர் என்றாள், கழுதை என்றாள், சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேனே என்றாள், ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனீரே என்றாள். வீட்டுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒருவரும் அருகில் வரவில்லை. வீட்டுப் பெண் மண்வெட்டி பிடித்திருக்க அக்கம்பக்கத்தார் கை கட்டி நிற்பதை அந்தத் தோட்டம் கண்டதில்லை. டீனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மண் தளர்வாகத்தான் இருந்தது. கம்பளியின் ஓரம் தெரிந்ததும் அவள் மண்வெட்டியை வீசிவிட்டு மண்டியிட்டுக் கைகளால் அள்ளினாள். எதிர்ப்பக்கத்தில் வோல்ட்டரும் மண்டியிட்டார். அவரை அவள் தடுக்கவில்லை.

குழியிலிருந்து வோடனைத் தூக்க இருவராலும் முடியவில்லை. பெட்டி தூக்க வந்திருந்த மற்ற ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தொப்பிகளைப் புல்லில் வைத்துவிட்டு வந்தார்கள். வோல்ட்டரும் அவர்களும் பக்கத்துக்கு மூவராக நின்று கம்பளியைப் பிடித்தார்கள். ஒன்று, இரண்டு என்று யாரும் எண்ணவில்லை. தூக்கினார்கள், நடந்தார்கள், எல்லோருடைய இடது காலும் ஒன்றாகவே விழுந்தது.

ஈஃப்கே காரின் பின்கதவைத் திறந்து, தன் மேல்கோட்டைக் கழற்றி உள்ளே விரித்தாள். பூங்கொத்தை என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தாள். டீனி வந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"அடக்கத்துக்கு இருக்க முடியாமப் போச்சு" என்றாள் ஈஃப்கே.

"போங்க" என்றாள் ஜென்னெக்கே. "சீக்கிரம் போங்க."

கார் முற்றத்தைக் கடந்து, இருபுறமும் வாய்க்கால் ஓடும் ஒற்றை வழிப் பாதையில் இறங்கியது. பாதி தூரம் போனதும் நின்றுவிட்டது. எதிரே பெரிய சாலையிலிருந்து திரும்பி, ஹார்மனை எடுத்துச் செல்வதற்கான கறுப்பு வண்டி வந்துகொண்டிருந்தது. இரண்டும் நேருக்கு நேர் நின்றன. ஈஃப்கே கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்வது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

சவ வண்டியின் ஓட்டுநர் உயரத் தொப்பியைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்தார். கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். பிறகு அந்த நீளமான வண்டி, வாய்க்கால் விளிம்பை ஒட்டி, சாலை வரைக்கும் மெல்ல மெல்லப் பின்னோக்கிப் போயிற்று.