அச்சிடுவதற்கு நாட்காட்டி எதற்கு?

1

இந்தக் கதை என்னுடையதில்லை. எங்கள் கட்டடத்து லிஃப்ட் நடுவழியில் நின்று, நானும் மேல்வீட்டுக்காரியும் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டபோது அவள் சொன்னது. ஓடவும் வழியில்லாததால் முழுசாகக் கேட்டேன்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், திரையின் நீல ஒளியில் அவள் முகம்

வேண்டாம். அன்று மழை இல்லை. காலை பதினொரு மணி, பளீரென்று வெயில். எழுத உட்கார்ந்தாலே மழை கூப்பிடாமல் வந்து ஒட்டிக்கொள்கிறது.

2

அவளும் அவள் அண்ணனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து கணினிக்கு வேலை சொல்லும் ஒரு சின்ன நிரல்மொழியைக் கட்டிக் காக்கிறார்கள். அந்த மொழியோடு ஒரு பொது நூலகம் வரும். 'அச்சிடு', 'வரிசைப்படுத்து' போன்ற அன்றாட வேலைகளை யாரோ முன்பே எழுதி வைத்த பெட்டி அது. எடுத்துப் பயன்படுத்தவேண்டியதுதான்.

அன்று காலை பெல்காரர் போன் செய்தார். முதியோர் இல்லத்துக் கட்டில்களுக்கு இந்த மொழியை வைத்து அழைப்புமணி செய்கிறவர். படுத்திருப்பவர் பட்டனை அமுக்கினால், நர்சு மேசையில் கட்டில் எண் தெரியும்.

"மேடம், பழைய பதிப்புல ரெண்டு பேரு ஒரே நேரத்துல அமுக்குனா ஒருத்தரு காணாமப் போறாரு. நீங்க அதைச் சரிபண்ணிட்டீங்க, சந்தோஷம். ஆனா புதுசு என் சிப்புக்குள்ள நுழைய மாட்டேங்குது. இருக்கறது அறுபத்துநாலு கிலோபைட்டு. இது எழுபத்தொண்ணு கேக்குது."

"என்ன பண்றீங்க அதுல?"

"'கட்டில் பதினொண்ணு'ன்னு காட்டறேன். அவ்வளவுதான். உள்ள பாத்தா நானூறு ஊரோட நேரம் இருக்கு. எங்க ஆளு பாத்ரூம் வரைக்கும் போனாப் போதும் மேடம்."

3

அவள் தோண்டிப் பார்த்தாள். 'அச்சிடு' பிழைச்செய்தியைக் கூப்பிடுகிறது. பிழைச்செய்தி தேதி போட நாட்காட்டியைக் கூப்பிடுகிறது. நாட்காட்டி ஊர்நேரங்களை, ஊர்நேரங்கள் ஊர்ப்பெயர்களை, அவை அகரவரிசையை. ஒருத்தரைச் சாப்பிடக் கூப்பிட்டால் மாமியார், சகலை, சகலையின் சம்பந்தி என்று வேன் பிடித்து வந்து இறங்குவார்களே, அந்தக் கதை.

(என் கதையிலும் ஒரு அத்தை இருந்தாள். அவளைத் தூக்கிப் பார்த்தேன். கதை விழவில்லை. அத்தை போய்விட்டாள்.)

தேதி கேட்கும் அந்த ஒற்றை வரியை யார், எப்போது சேர்த்தார்கள் என்று பதிவில் பார்த்தாள். அண்ணன். இரண்டு வருடத்துக்கு முன்பு, 'நாட்காட்டியை யாரும் பயன்படுத்துவதில்லை, நூலகத்திலிருந்து எடுத்துவிடலாம்' என்று ஒரு யோசனை வந்த அடுத்த வாரம்.

அவளுக்குக் காது சூடானது.

4

அண்ணனை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் வில்லனாக்கித் தாடி வைத்தேன். அடுத்ததில் பாவப்பட்டவனாக்கி இருமல் கொடுத்தேன். நிஜத்தில் அவனுக்கு இரண்டுமே கிடையாது. வேலை போய் வீட்டில் கிடந்த மூன்று வருடத்தில் அந்த நாட்காட்டியை எழுதினான். எந்த வருடத்துக்கும் கிழமை பிசகாது. வாழ்க்கையில் அவன் முழுசாக முடித்தது அது ஒன்றுதான்.

"பிழைச்செய்தில தேதி எதுக்குண்ணா?"

"எப்ப நடந்துச்சுன்னு தெரிய வேணாமா?"

"பெல்லுல கடிகாரமே இல்ல. என்னைக்கும் ஒரே தேதிதான் வருது."

அவன் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

"தனியா நின்னா தூக்கிருவீங்கன்னு தெரியும். அச்சிடு கூட ஒட்டிவிட்டா யாரு கை வைப்பா?"

"நான் வைப்பேன்."

"தெரிஞ்சிருந்தா கூட்டலோட ஒட்டிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அங்க ஒரு ஆளு பெல்லை அமுக்கிட்டு, யாரும் வராமப் படுத்திருக்காருண்ணா."

அவன் துணியை மடித்து வைத்தான். வெகுநேரம் மடித்தான்.

"தள்ளு. ஒட்டுனவன்தான் பிரிக்கணும்."

5

ஒரு வரிதானே என்று நினைக்காதீர்கள். இரண்டு நாள் ஆனது. தேதி வேண்டும் என்கிறவர்கள் மட்டும் நாட்காட்டியைக் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று பிழைச்செய்தியை மாற்றி எழுதினான். எழுபத்தொன்று நாற்பத்தொன்பதாக இளைத்தது. பெல்காரர் இரண்டு கட்டில் பட்டன்களை ஒன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"ரெண்டு பேரும் வந்துட்டாங்க மேடம்."

6

இங்கேயே நிறுத்தியிருந்தால் எனக்கு நல்ல பெயர்.

இப்போது நாட்காட்டியைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. பழைய யோசனை மறுபடி ஓட்டெடுப்புக்கு வந்தது. எடுத்துவிடலாம் என்று இருவர். இருக்கட்டும் என்று அண்ணனும் இன்னொருவரும். மிச்சம் அவள்.

அவள் நாட்காட்டியை எடுத்துவிட, அண்ணன் மூன்று மாதம் முகம் கொடுக்காமல் இருப்பதாக ஒரு முடிவு எழுதினேன். அண்ணனே பெருந்தன்மையாகக் கட்சி மாறுவதாக இன்னொன்று. கிழித்துவிட்டேன். அவன் அவ்வளவு நல்லவன் இல்லை. பாசத்துக்காக அவள் விட்டுவிடுவதாக மூன்றாவது, அதைப் பாதியிலேயே

ஆகவே ஓட்டுப் பொத்தானை உங்கள் கையில் கொடுக்கிறேன். அவள் தங்கையும்தான், நூலகத்தைக் காப்பவளும்தான் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

அவள் ஓட்டுப் போடாமல் திரையின் முன் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அடுத்த அறையில் டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"சர்க்கரை ஒரு ஸ்பூனா, ரெண்டா?"

"இரு, யோசிக்கிறேன்."

நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு இரண்டு ஸ்பூன்தான். அவன் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, எட்டிப் பார்க்காமல், அங்கேயே நின்றான்.