நிமிர்த்தி வைத்த கேலக்ஸி

வானியல் ஆய்வுக்கூடத்து இயக்குநருக்குக் கோணல் என்றால் ஆகவே ஆகாது. சுவரில் காலண்டர் சாய்ந்து தொங்கினாலே அவருக்குக் காபி இறங்காது. அப்படிப்பட்டவர் மேஜையில் போய் அந்தப் படத்தை வைத்தாள் ஆராய்ச்சிக்காரி, பாவம். மூன்று வருடம் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தது. நடுவில் மஞ்சளாக கேலக்ஸிகளின் பெரிய கூட்டம், அதன் ஓரத்தில் நீலமாக ஒரு மெல்லிய வில்.

"என்னம்மா இது, வளைஞ்சு கிடக்கு? கேமரா ஆடிடுச்சா?"

"இல்ல சார். நடுவுல இருக்கிற கூட்டம் பயங்கரக் கனம். ரொம்பத் தூரத்துல, அதுக்குப் பின்னாடி ஒரு கேலக்ஸி இருக்கு. அதோட வெளிச்சத்தை இந்தக் கூட்டத்தோட ஈர்ப்பு வளைச்சிடுது. அதனாலதான் இப்படி நீண்டு, பெரிசாத் தெரியுது. இது குறுக்க இல்லேன்னா அது நம்ம கண்ணுலயே பட்டிருக்காது."

"குறுக்க நிக்கிற மஞ்சளை எடுத்துடு. வளைஞ்சதை உருட்டி வட்டமாக்கிடு. விழாவுல இந்தப் படத்தைத் திறந்து வைக்க வர்றவரு நம்ம டெலஸ்கோப் ஓட்டைன்னு நினைச்சிடக் கூடாது பாரு."

அவள் முடியாது என்றாள். போஸ்டர் செய்கிற டிசைனர் ஒரே மதியத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார். வானத்தில் கனமான ஒன்று குறுக்கே நின்றால் பின்னால் இருப்பது பெரிதாகத் தெரியும். ஆபீசில் நின்றால் என்ன ஆகும் என்பது சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் படம் அவள் பெயரோடு வெளியே போனால் துறையில் ஒருவரும் வாயால் சிரிக்க மாட்டார்கள். எதிர்த்துப் பேசினாலோ, அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டிய வேலை அம்போ.

"வாயைக் கொடுத்து மாட்டிக்காதடி," என்றாள் அக்கா போனில்.

விழாவில் திரை விலகியது. கொழுக் மொழுக்கென்று ஒரு நீல வட்டம்.

"நீங்கதானே கண்டுபிடிச்சது? ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா," என்றார் சிறப்பு விருந்தினர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனால் போகட்டும் என்று மைக்கைப் பிடித்தாள்.

"மன்னிக்கணும் சார். இந்தப் படத்துல இருக்கிறது வானத்துல எங்கயும் இல்ல. நாமளே செஞ்சுக்கிட்டது."

விருந்தினர் கண்ணை மூடினார், திறந்தார், கைதட்டினார்.

"அடடா! பாக்குறதெல்லாம் மாயைன்னு எவ்வளவு எளிமையாச் சொல்லிட்டாங்க!"

கூட்டமே எழுந்து நின்று தட்டியது. "ஐயோ, நான் தத்துவம் பேசல, நிஜமாவே இது பொய்ப்படம்" என்று அவள் கத்தியது அவள் காதிலேயே விழவில்லை.

இயக்குநர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"பிரமாதம்மா! அந்த வரியைக் கல்லுல பொறிச்சுப் படத்துக்குக் கீழ வெச்சிடலாம். படத்துல உன் பேரு அப்படியே இருக்கட்டும். வரிக்கு மட்டும் என் பேரைப் போட்டுக்கிறேன்."