அண்ணன் ஊற்றிய கம்ப்ரஷன்

என் அண்ணன் தன் பழைய படகு மோட்டாரைத் தங்கைக்கு விற்க வந்தபோது அதைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்திருந்தார். மூடிக்குப் புதுப் பெயிண்ட் வேறு. பெயிண்ட் அடித்தால் உள்ளே தேய்ந்த பிஸ்டன் ரிங்கும் வளர்ந்துவிடும் என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது. நான் ஒருவன்தான் தப்பி மெக்கானிக் ஆனேன்.

தங்கை தினமும் பத்துப் பிள்ளைகளைப் படகில் ஏற்றி அக்கரைப் பள்ளிக்குக் கொண்டுபோகிறாள். அவளுடைய மோட்டார் போன வாரம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. நடு ஆற்றில் இழுப்பு பலம். அங்கே மோட்டார் நின்றால் படகு நேராகப் பாலத்தூணில் போய் மோதும். அண்ணன் சொன்னால் அவளுக்கு வெளுத்ததெல்லாம் பால். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்க்காமல் வாங்காதே என்று நான்தான் பட்டறைக்கு வரச் சொன்னேன்.

"எனக்கே டெஸ்டா?" என்றார் அண்ணன், சாமியிடம் அடையாள அட்டை கேட்டுவிட்டதைப் போல.

இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன். ஒவ்வொரு துவாரத்திலும் அழுத்தம் காட்டும் கேஜைத் திருகி, முள் இனி ஏறாது என்கிறவரை கயிற்றை இழுத்தேன். மேல் சிலிண்டர் நூற்று நாற்பது. கீழ் சிலிண்டரும் நூற்று நாற்பது. இருபது வருஷத்து மோட்டார்! புது மோட்டாருக்கே அவ்வளவு காட்டக் கூச்சமாக இருக்கும்.

"பாத்தியா? தங்கம்டா!" என்றார்.

கேஜை எடுத்துவிட்டுக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தேன். துவாரத்திலிருந்து எண்ணெய் பீறிட்டு, அவருடைய இஸ்திரிச் சட்டையில் வரிவரியாக இறங்கியது.

தேய்ந்த ரிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியை எண்ணெய் அடைத்துவிடும். முள் கொஞ்ச நேரத்துக்கு எகிறும். ரிங்தான் கோளாறா என்று பார்க்க நாங்களே ஒரு ஸ்பூன் விட்டு அளப்பதுண்டு. அதை எங்கேயோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு, இவர் அரை டம்ளர் ஊற்றியிருக்கிறார். ஏமாற்றுகிறவருக்கு அளவுகூடத் தெரியவில்லை.

"எண்ணெ விட்டா எஞ்சினுக்கு நல்லதுன்னாங்கடா."

"மூட்டுவலிக்குத் தடவுறதுன்னு நெனச்சியா? என் காதுலயே பூ சுத்துறியே அண்ணே!"

மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் மாட்டிப் பத்து நிமிஷம் ஓடவிட்டேன். பட்டறை முழுக்க நீலப் புகை. எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் மறுபடி அளந்தேன். மேலே தொண்ணூறு. கீழே ஐம்பத்தைந்து.

"இது எப்ப வேணா நிக்கும்மா" என்றேன் தங்கையிடம்.

"பழசுன்னா அப்படித்தான் இருக்கும். துடுப்பு இருக்குல்ல?" என்றார் அண்ணன். எனக்கு ஸ்பேனரைத் தூக்கி வீசலாம் போல இருந்தது.

தங்கை கேஜைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் ஏத்திட்டுப் போற பத்துப் பிள்ளைங்கள்ல உங்க பொண்ணும் ஒருத்திண்ணே. நேத்து அண்ணி வந்து, இனிமே அவ சுத்துவழியில பஸ்லயே போவான்னு சொல்லிட்டுப் போனாங்க. ஏண்ணே?"

"அவளுக்குப் படகு ஒத்துக்கல" என்றார் அண்ணன்.

மூன்று வருஷமாக அதே படகில் தினமும் போய்வந்த பிள்ளை.