தொட்டியைச் சுத்தம் செய்த மீன்

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அந்த வீட்டில் இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று, படுக்கையறையில் மீன் சாரின் குறட்டை. இன்னொன்று, கூடத்து மீன்தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் வழியாக அழுக்குத் தண்ணீர் பக்கெட்டில் இறங்கும் சத்தம். முதல் சத்தம் எட்டு மணிவரை நீளும். இரண்டாவது ஆறேகாலுக்குள் முடிந்தாக வேண்டும். அவர் மனைவிக்கு ஆறே முக்காலுக்கு ஆலைப் பேருந்து.

அலுவலகத்தில் எந்நேரமும் மீனைப் பற்றியே பேசுவதால் அவருக்கு மீன் சார் என்று பெயர் விழுந்துவிட்டது. மனிதர் கெட்டவரில்லை. குடி கிடையாது, கைநீட்டும் பழக்கம் கிடையாது. நாலு ஏஞ்சல் மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் உட்கார்ந்து படித்தவர்.

"சின்னச் சின்ன நியான் மீனப் போட்டா ஏஞ்சல் முழுங்கிடும். இந்தப் புலிக்கோடு போட்ட பார்பு இருக்கே, அது ஏஞ்சலோட துடுப்பக் கடிச்சே கொன்னுடும். கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த தண்ணி வேணும், இதுக்கு வெதுவெதுன்னு இருக்கணும். ஒத்துவராது" என்று கேட்காதவர்களுக்கும் சொல்வார். கடைசியில் கொஞ்சம் பெரிதாக வளரும் கருப்பு டெட்ரா ஆறும், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் சக்கர் மீன் ஒன்றும் ஏஞ்சலுக்குத் துணையாக வந்து சேர்ந்தன. சக்கரை எல்லாரும் டேங்க் கிளீனர் என்றுதான் சொல்வார்கள். மீன் சார் அந்தப் பெயரை அப்படியே நம்பிவிட்டார்.

முதல் மாதமே அவள் இரண்டு தடவை சொன்னாள்.

"ஏங்க, தண்ணி கலங்கிக் கெடக்கு. மாத்தணும்போல."

"அதுக்குத்தானே கிளீனர் வாங்கிப் போட்டிருக்கேன்?"

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் மீன் கடைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு, குழாய் ஒன்றும் வாங்கி வந்தாள். அன்றிலிருந்து வாரம் நாலு பக்கெட் வெளியே, நாலு பக்கெட் உள்ளே. புதுத் தண்ணீரை அரை நாளாவது வைத்திருந்துதான் ஊற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் குளியலறை வாசலில் பக்கெட்டுகள் நிற்கும்.

"நடக்கிற வழியில எதுக்கு இந்த பக்கெட்டு?" என்று கால் விரலைப் பிடித்துக்கொண்டு அவர் கத்துவார். அவள் ஓரமாகத் தள்ளி வைப்பாள். மூன்றாம் தடவை அவள் சொல்லவே இல்லை. எடுத்துச் சொல்வதும் ஒரு வேலைதான். இருக்கிற வேலையோடு அதையும் சேர்த்துக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை.

ஒருநாள் அவளுடைய தம்பி வந்திருந்தான். "என்ன மாமா, தண்ணி பளிச்சுன்னு இருக்கு! வாரா வாரம் மாத்துவீங்களோ?"

"ஆறு மாசமா ஒரு சொட்டு மாத்தல மச்சான். எல்லாத்தையும் அதோ, அவன் பாத்துக்குவான்" என்று சக்கரைக் காட்டினார் மீன் சார்.

தேநீரோடு வந்தவள் காதில் அது விழுந்தது. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எங்காவது கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. தட்டை இடது கையில்தான் பிடித்திருந்தாள். வலது தோள் சில நாளாகவே சொன்னபடி கேட்பதில்லை.

அவளுக்கு ஆலையில் சட்டைக் காலர் தைக்கும் வேலை. பன்னிரண்டு வருடமாக ஒரே மிஷின். கை தூக்க வராமல் வேகம் குறைந்ததும் மேற்பார்வையாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஒரு மாசம் பாப்பேன். கை சரியாகலன்னா அந்த மிஷின்ல வேற ஆளத்தான் உக்கார வெக்கணும். எனக்கு வேற வழி இல்லம்மா." மருத்துவரும் அதே ஒரு மாதத்தைத்தான் சொன்னார்: "பக்கெட், மூட்டை எதையும் தூக்காதீங்க. தூக்கினா தோள் அப்படியே இறுகிப்போயிடும்."

வீட்டுக்கு வந்து சொன்னாள்: "டாக்டர் பக்கெட்டே தூக்கக் கூடாதுன்னுட்டாருங்க."

"அப்போ தூக்காத. உடம்புதான் முக்கியம்" என்றார் மீன் சார், மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே. எந்த பக்கெட் என்று அவர் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் ஆறு மணிவரை படுத்திருந்தாள்.

மூன்று வாரத்தில் தண்ணீர் மஞ்சளாகி நாற்றமெடுத்தது. அன்றும் சனிக்கிழமை. அவள் ஆலைக்குப் போயிருந்தாள். விடுமுறை என்று தாமதமாக எழுந்து வந்த மீன் சார், பெரிய ஏஞ்சல் பக்கவாட்டில் சாய்ந்து மிதப்பதைக் கண்டார். கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிடமே கோபம் வந்தது. சக்கரைப் பிடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டு, கடையில் கொண்டுபோய் நீட்டினார்.

"இது வேலை செய்யல. மாத்திக் குடுங்க."

கடைக்காரர் கவரைத் தூக்கிப் பார்த்தார். "நல்லாத்தானே சார் இருக்கு?"

"சுத்தம் பண்ண மாட்டேங்குதே! ஆறு மாசம் நல்லாத்தான் பண்ணிச்சு. இப்போ தண்ணியெல்லாம் நாறுது."

"சார், இது கண்ணாடியில இருக்கிற பாசியக் கொஞ்சம் மேயும். அவ்வளவுதான். மத்த மீனவிட அதிகமா அசுத்தம் பண்றதே இதுதான். தண்ணிய மனுசன்தான் மாத்தணும்."

"நான் மாத்தினதே இல்லையே?"

"அப்போ வேற யாரோ மாத்தியிருக்காங்க." கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "நாலு ஏஞ்சல், ஆறு டெட்ரா, ஒரு சக்கர்தானே? ஒரு அம்மா வந்து குழாய் வாங்கிட்டுப் போனாங்க. கையில சாப்பாட்டுப் பை, சேலையெல்லாம் நூல் பிசிறு. எவ்வளவு தண்ணி எடுக்கணும், எப்படி ஊத்தணும்னு ரெண்டு தடவ கேட்டு மனசுல ஏத்திக்கிட்டாங்க. உங்க வீட்டம்மாவா சார்?"

மீன் சார் கவரை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

சக்கரைத் தொட்டியில் விட்டுவிட்டுக் குழாயைத் தேடினார். குளியலறைக் கதவுக்குப் பின்னால், தரை துடைக்கும் துணிக்கு அடியில் அந்தக் குழாய் தொங்கியது. பக்கத்தில் அவர் பல தடவை இடித்துக்கொண்டு திட்டிய பக்கெட்டுகள். பெரிய ஏஞ்சலைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து, தண்ணீர் பிடித்து வைத்தார். சாயங்காலம் கடைக்காரரிடமே போன் போட்டுக் கேட்டுக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். அழுக்குத் தண்ணீர் தொண்டைவரை போனது. மூன்றாவது பக்கெட்டில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அவள் வந்தபோது கூடமெல்லாம் ஈரம். மீன் சார் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"வாரா வாரம் எட்டு பக்கெட்டா தூக்கின?"

"ஆமா."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னேன். அப்புறம் அலுத்துப்போச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான். இனிமே நான் உனக்கு உதவி பண்றேன்."

"உதவின்னு சொல்லாதீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "உதவின்னா, வேலை என்னோடதுன்னு ஆயிடும். எந்த மீனோட எந்த மீன் ஒத்துப்போகும்னு ஒரு மாசம் படிச்சீங்க. இந்த வீட்டுல எந்த வேலைய யார் செய்றாங்கன்னு ஒருநாள் பாத்திருக்கலாம். துணி தானா மடிஞ்சு அலமாரிக்குப் போகல. பாலும் தானா காயல. வீட்டுல ஒரு வேலை தானா நடக்குதுன்னு ஒருத்தருக்குத் தோணுதுன்னா, இன்னொருத்தர் அங்க தேஞ்சுக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்."

மீன் சார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாலாவது பக்கெட்டைத் தூக்கினார்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வலது கையை மெல்ல உயர்த்திப் பார்த்தாள். போன மாதம் நெஞ்சுக்கு மேலே வராத கை, இன்று தோள் மட்டத்துக்கு வந்தது. ஆலையில் சொன்ன கெடுவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"புதுத் தண்ணிய மெதுவா ஊத்துங்க, மீன் மெரண்டுடும்" என்றாள் கண்ணை மூடிக்கொண்டே. "முடிச்சிட்டு, அடுப்படியில பாத்திரம் கெடக்கு. அதைக் கழுவற மீனும் எந்தக் கடையிலயும் விக்கல."